முடித்துக் கொடுத்த பாட்டுக்கே சம்பளம்: வீட்டு ஒலிப்பதிவைத் தொழிலாக்க ஒரு வழிகாட்டி

விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மான், 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். பெயர் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’. அங்கே உருவான ‘ரோஜா’ பாடல்கள் 1992-ல் வெளிவந்தன. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1982 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டில் ஒரு நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரையும் இரண்டு மைக்கையும் வைத்துக்கொண்டு மாதிரிக்காகச் சில பாடல்களைப் பதிந்தார். இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி பதிந்து பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் வீட்டில் பதிந்த கேசட்டே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக அதே ஆண்டில் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபின்னியஸும் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம் 2019-ல் வெளிவந்து, 2020-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.

மூன்று இடத்திலும் இருந்த வசதி வெவ்வேறு. ஒருவர் முறையான கூடம் கட்டினார், ஒருவரிடம் கேசட், மூன்றாவது வீட்டில் ஒரு கட்டிலும் கணினியும். பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கையில் இருந்ததை வைத்துப் பாட்டை முடித்தார்கள்.

இன்று இளைஞர்கள் பலரின் மடிக்கணினியில் பல்லவியோடு நின்றுபோன பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. திறமைக்குப் பஞ்சமில்லை, கருவிக்கும் பஞ்சமில்லை. ஆனால், “வெள்ளிக்கிழமை தருகிறேன்” என்று சொல்லி வெள்ளிக்கிழமை சுத்தமான கோப்பை அனுப்புகிறவரைத்தான் தொழில் தேடிப் போகிறது. பாட்டை முடிக்க இது உதவுமா என்ற ஒரே கேள்வியோடுதான் இந்த வழிகாட்டியில் ஒவ்வொன்றையும் பார்க்கப் போகிறோம்.

என்னென்ன வேலை இருக்கிறது?

வீட்டு ஒலிப்பதிவு என்றதும் எல்லோரும் சினிமாவையே நினைக்கிறார்கள். சினிமா ஒரு கதவு மட்டும்தான். வருமானம் தரும் வேறு கதவுகள் பல.

1. குரல் பதிந்து அனுப்புதல். எங்கோ இருக்கும் இசையமைப்பாளர் இசைத் தடத்தை அனுப்புவார். நீங்கள் உங்கள் அறையில் பாடி, குரலை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். கோரஸ், ஹார்மனி, ட்ராக் பாடுவது எல்லாம் இதில் அடங்கும்.

2. வாத்தியப் பதிவு. வயலின், புல்லாங்குழல், வீணை, மிருதங்கம், கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது நேரடி வருமானம். கணினியில் கிடைக்கும் வீணை ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், விரல் தந்தியை இழுக்கும் கமகத்தை அதில் கொண்டுவருவது கடினம். அதனால் அசல் வாத்தியக்காரருக்குத் தேவை குறையவில்லை.

3. நடனப் பள்ளிகளுக்கான பதிவு. பரதநாட்டிய வகுப்புகளுக்கு வர்ணம், பதம், தில்லானா எல்லாம் பயிற்சிக்கு ஏற்ற வேகத்தில், நட்டுவாங்கத்தோடு பதிந்து தர வேண்டும். சென்னையில் மட்டுமல்ல, டொரன்டோ, லண்டன், சிட்னி, சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

4. இசை நிரலாக்கம். குறும்படம், உள்ளூர் விளம்பரம், கோயில் திருவிழாப் பாட்டு, கிறிஸ்தவ ஆல்பம், பள்ளி ஆண்டுவிழா, தேர்தல் பிரசாரம் ஆகியவற்றுக்கு முழுப் பின்னணியையும் நீங்களே கீபோர்டில் அமைத்துக் கொடுப்பது.

5. மிக்சிங், மாஸ்டரிங். பிறர் பதிந்ததைக் கலந்து, சீராக்கி, வெளியீட்டுக்குத் தயார் செய்வது.

6. பேச்சுக் குரல். ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், விளம்பரக் குரல். பாடத் தெரியாவிட்டாலும் தமிழைத் திருத்தமாக உச்சரிக்கிறவருக்கு இடமுண்டு.

ஆறையும் செய்கிறேன் என்று விளம்பரம் செய்தால் எதற்கும் அழைப்பு வராது. ஒன்றைப் பிடியுங்கள். “நடன வகுப்புக்குப் பதிவு வேண்டுமா, அவரைக் கேளுங்கள்” என்று நாலு பேர் சொல்லும் நிலை வரட்டும். மற்றவை பின்னால் வரும்.

முதலில் அறை, பிறகு மைக்

நல்ல மைக் கெட்ட அறையை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் மைக் வாங்கும் முன் அறையைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வோர் அறையிலும் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ‘டிங்’ என்று உலோகச் சத்தம் போலத் திரும்பி வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி துள்ளுகிறது என்று பொருள். கட்டிலும் மெத்தையும் துணி அடுக்கிய அலமாரியும் இருக்கும் படுக்கையறை பெரும்பாலும் காலியான ஹாலைவிட நன்றாகப் பேசும். சதுரமான அறையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரு சுவர்கள் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தூக்கிக் கொடுக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் அந்த அடித்தொனி இரட்டிப்பாகக் குழம்பும். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் மைக்கை வைக்காதீர்கள்.

இரண்டு வேலைகளைப் பலர் ஒன்றாக நினைத்துப் பணத்தை வீணாக்குகிறார்கள். உள்ளே எழும் எதிரொலியை அடக்குவது ஒரு வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு ராக்வூல் அடைத்த பலகை, கனத்த கம்பளி, மெத்தை போதும். இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் தேவை. வாடகை வீட்டில் அது ஆகாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது இரண்டுக்கும் உதவாது. உயர்ந்த அதிர்வெண்ணில் கொஞ்சத்தை மட்டும் குறைக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

கம்பளியை எங்கே தொங்கவிடுவது? பாடகரின் முதுகுக்குப் பின்னால். ஸ்டுடியோக்களில் சாதாரணமாகப் பயன்படும் கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தைக் கேட்காது. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். திறந்த துணி அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலே பாதி அறைக் கோளாறு தீர்ந்துவிடும்.

வெளிச் சத்தத்துக்கு மருந்து நேரம்தான். ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறும் அறையை ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். கோயில் ஒலிபெருக்கி, பள்ளி வேன், பக்கத்து வீட்டு மிக்சி, குக்கர் விசில், காக்கை எல்லாம் எப்போது ஓய்கின்றன என்று தெரிந்துவிடும். அதுவே உங்கள் பதிவு நேரம். மின்விசிறி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். ஒலிப்புத்தகத் தயாரிப்பில் அறையின் அடிச்சத்தம் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பாட்டுக்கும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை, வரிசைப்படி

கணினி ஏற்கெனவே இருந்தால், ஏறக்குறைய 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் தொழில் தொடங்கும் அளவுக்குக் கருவிகள் சேர்த்துவிடலாம்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்: மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி. தனியாகப் பாடுகிறவருக்கு ஒரு மைக் உள்ளீடு போதும். மிருதங்கம் பதிபவருக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

மைக்: கண்டென்சர், டைனமிக் என்று இரு வகை. கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். தெருவைப் பார்த்த வீட்டில் அது தெருவையும் சேர்த்துக் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு டைனமிக் மைக் பொருத்தம். 1966-ல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் நிற்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் வைத்திருந்ததும் அதே குடும்பத்து எஸ்.எம்.57தான்.

ஹெட்ஃபோன்: காதை முழுதாக மூடும், பின்புறம் அடைத்த வகை. இல்லாவிட்டால் தாளத்துக்காக ஓடும் கிளிக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். ப்ளூடூத் வேண்டாம், அதன் தாமதத்தோடு தாளத்தில் பாட முடியாது. ஒயர் உள்ளதை வாங்குங்கள்.

மைக் ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், எக்ஸ்.எல்.ஆர். கேபிள்: இவற்றில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அழைப்பு வந்த நாளில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான். கூடுதலாக ஒன்று வைத்திருங்கள்.

மென்பொருள்: ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம். பேண்ட்லேப் எல்லோருக்கும் இலவசம். ரீப்பரை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுக் குறைந்த விலையில் உரிமம் வாங்கலாம். எஃப்.எல். ஸ்டுடியோ, கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் என்று எதில் தொடங்கினாலும் சரி, ஓராண்டுக்கு மாற்றாதீர்கள். மென்பொருளை மாற்றி மாற்றிக் கற்பதில் போகும் காலத்தில் பத்துப் பாட்டு முடித்துவிடலாம்.

ஸ்பீக்கர் மானிட்டர், விலை உயர்ந்த ப்ரீஆம்ப், வாங்கிக் குவிக்கும் ப்ளக்இன் எல்லாம் முதல் வருமானத்துக்குப் பிறகு. திருட்டு மென்பொருளைத் தொடவே வேண்டாம். சட்டப் பிரச்சினை ஒருபுறம். அதோடு வரும் வைரஸ் வாடிக்கையாளரின் பாட்டையும் சேர்த்து அழிக்கும்.

இங்கே மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரச் சத்தம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். பாடும் நேரத்தில் மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி, பேட்டரியில் ஓட்டுங்கள்.

பதியும் நேரத்தில்

தொடங்கும் முன் இரண்டை உறுதி செய்யுங்கள்: வேகம், சுருதி. வேகத்தை பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) எண்ணில் குறித்து மெட்ரோனோம் போட்டுக்கொள்ளுங்கள். சுருதியைக் கட்டைக் கணக்கில் பேசுபவருக்கும் மேற்கத்தியப் பெயரில் பேசுபவருக்கும் இடையே பாலமாக நீங்கள் இருக்க வேண்டும். 1 கட்டை என்றால் சி. ஒன்றரை என்றால் சி ஷார்ப். 4 என்றால் எஃப். 5 என்றால் ஜி. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். தம்புரா செயலியும் கீபோர்டும் ஒரே சுருதி அளவில், அதாவது 440 ஹெர்ட்ஸ் அடிப்படையில், இருக்கின்றனவா என்று பாருங்கள். இது பிசகினால் எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் பின்னால் சேராது.

அளவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டு பெரும்பாலும் வீடியோவோடு போகப்போகிறது. வீடியோவுக்கு இதுவே வழக்கம். 16 பிட்டில் சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் இடையே 96 டெசிபல் இடம். 24 பிட்டில் 144 டெசிபல். ஆகவே மீட்டரைச் சிவப்புவரை தள்ள வேண்டிய அவசியம் இல்லை. உரத்த இடத்தில்கூட மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்கட்டும். உடைந்துபோன ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

தூரம்: வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பாப் ஃபில்டர் நடுவில். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ‘ப’கரக் காற்று நேராக அடிக்காது. உச்சஸ்தாயிக்குப் போகும்போது அரை சாண் பின்னால் நகரப் பாடகரைப் பழக்குங்கள். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே மைக் வைத்தால் காற்றிரைச்சல் ஏறும். சற்று மேலே, தள்ளி வையுங்கள். நாதஸ்வரமும் தவிலும் சிறிய அறைக்கு அடங்காதவை. அவற்றுக்கு ஒரு கல்யாண மண்டபத்தைக் காலியான நாளில் கேட்டு வாங்கித் தூரத்திலிருந்து பதிவதே நியாயம்.

பாடுகிறவர் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்றால், மென்பொருளில் பஃபர் அளவைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று இருந்தால் ஒருவழிக்கு மட்டும் 23 மில்லிநொடி தாமதம். 128 ஆக்கினால் ஏறக்குறைய 3. விண்டோஸ் கணினியில் ஏஎஸ்ஐஓ டிரைவர் கட்டாயம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அதைப் போட்டால் போதும்.

முழுப் பாட்டையும் மூன்று முறை பாடவையுங்கள். பிறகு வரி வரியாகப் போங்கள். நூறு முறை திருத்திய வரியில் சுருதி இருக்கும், பாவம் போய்விடும். முதல் மூன்றில் எங்கோ அந்த உயிர் இருக்கும், எதையும் அழிக்காதீர்கள்.

கலவையில் கமகம் பிழைக்கட்டும்

பாட்டைக் கலப்பதற்கு முன் மற்ற எதையும் தொடாமல், ஒலி அளவை மட்டும் ஏற்றி இறக்கிச் சமன் செய்யுங்கள். பாதி மிக்சிங் அங்கேயே முடிந்துவிடும். பிறகு குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். வண்டிச் சத்தமும் மைக் ஸ்டாண்டு அதிர்வும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசர், கடைசியில் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப். ரிவெர்ப் கூடக் கூட வரி புரியாமல் போகும். தமிழ்ப் பாட்டில் வரி புரிவது முதல் கடமை. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்.

சுருதி திருத்தும் மென்பொருளில் நம் இசைக்காரர்கள் தனிக் கவனம் வைக்க வேண்டும். அது ஒவ்வொரு ஒலியையும் பக்கத்துப் படியில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். தோடியின் காந்தாரம் ஒரு படியில் நிற்பதில்லை, அசைகிறது. அந்த அசைவுதான் ராகம். வேகமான அமைப்பில் ஆட்டோட்யூனைப் போட்டால் ராகமே தட்டையாகிவிடும். தானியங்கி வேண்டாம். பிசகிய இடத்தை மட்டும், கையால், மெதுவான வேகத்தில் திருத்துங்கள்.

முடித்ததைக் கைப்பேசி ஸ்பீக்கரில், மலிவான இயர்ஃபோனில், காரில் கேளுங்கள். மூன்றிலும் குரல் முன்னால் நின்றால் கலவை தேறிவிட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்து சமன் செய்கின்றன. அதற்கு மேல் எவ்வளவு சத்தமாக அழுத்தினாலும் தளம் குறைத்துவிடும். பாட்டு நசுங்கியதுதான் மிச்சம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

கோப்பு கொடுப்பதில் ஒழுங்கு

இசையமைப்பாளர்கள் ஒருவரை மறுபடி அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

எல்லாத் தடங்களும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். குரல் இரண்டாவது நிமிடத்தில் வந்தாலும் கோப்பு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். அவர் இழுத்துப் போட்டதும் சரியாக உட்காரும். எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பு. ரிவெர்ப் போடாத வெறும் குரலும், போட்ட மாதிரியும் தனித்தனியாக. பெயரில் பாட்டு, பாடகர், சுருதி, பி.பி.எம்., தேதி எல்லாம் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று பெயர் வைத்தால் மூன்றாம் நாள் உங்களுக்கே குழப்பம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்.பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 20 தடம் என்றால் 860 எம்.பி. அனுப்பும் வழியை முன்பே பேசி வையுங்கள். ஒவ்வொரு வேலையும் மூன்று பிரதியாக இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

கூலி பேசுவது

தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று தொடங்கும் தொழில் இது. அதனாலேயே பணம் பேசக் கூச்சம் வரும். கூச்சத்துக்கு மருந்து எழுத்து. வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: என்ன வேலை, எத்தனை தடம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை, எத்தனை முறை திருத்தம். பாதித் தொகை முன்பணம். இரண்டு முறை திருத்தம் இலவசம். அதற்கு மேல் தனிக் கட்டணம். முழுத் தொகை வந்த பிறகே இறுதிக் கோப்பு; அதுவரை தரம் குறைந்த மாதிரி மட்டும்.

மணிக்கணக்கில் விலை சொல்லாதீர்கள். கை வேகம் கூடக் கூட உங்கள் வருமானம் குறைந்துகொண்டே போகும். ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். இலவசமாகச் செய்து கொடுப்பதானாலும் ரசீதில் முழுத் தொகையை எழுதி, தள்ளுபடி என்று காட்டுங்கள். அடுத்த முறை அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தனி வங்கிக் கணக்கு, வரிசை எண் போட்ட ரசீது, வரவு செலவு நோட்டு மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். நிறுவனங்கள் வரி பிடித்தம் செய்துவிட்டுத்தான் தரும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சிறுதொழிலாக உத்யம் தளத்தில் பதிவது இலவசம். கடன் கேட்கும்போது கைகொடுக்கும்.

உரிமையை எழுதாமல் விடாதீர்கள்

ஒரு பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஓர் உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒலிப்பதிவின் உரிமை, அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த தயாரிப்பாளருடையது. நீங்கள் சும்மா பதிந்து கொடுத்தவரா, தயாரித்தவரா என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வரியோ மெட்டோ உங்களுடையது என்றால் 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். பாடகர்களுக்கு இசாம்ரா (முன்பு இஸ்ரா) என்ற அமைப்பு உண்டு.

யாருடைய பாட்டைப் பாடலாம்? எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் வரி பொதுச்சொத்து. தேவாரம், திருப்புகழ், தியாகராஜர், கோபாலகிருஷ்ண பாரதி எல்லாம் எல்லோருக்கும் சொந்தம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-லேயே அரசு பெற்று, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பாரதியின் வரி பொது என்பதால், அதற்குப் பிற்கால இசையமைப்பாளர் போட்ட மெட்டும் பொது ஆகிவிடாது. பாரதி பாட்டுக்கு நீங்களே மெட்டமையுங்கள். அதைவிட நல்ல தொடக்கப் பயிற்சி கிடையாது.

திரைப்பாட்டை மறுபடி பாடி வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் யூடியூபில் ஏற்றினால் வருமானம் அவர்களுக்குப் போகலாம், வீடியோவே நீக்கப்படலாம். செயற்கை நுண்ணறிவால் வேறொருவர் குரலில் பாடவைக்கவும் அனுமதி வேண்டும். 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் பயன்படுத்தியபோது, இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்தார். முன்னுதாரணம் இருக்கிறது, அதைப் பின்பற்றுங்கள்.

காது உங்கள் முதலீடு

85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கான பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இரவு முழுக்க ஹெட்ஃபோனை ஏற்றிவைத்துக் கலப்பவர்கள் இந்தக் கணக்கை மேசையில் ஒட்டிவைக்க வேண்டும். அருகில் இருப்பவர் பேசினால் கேட்கும் அளவில் வேலை செய்யுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். காதில் ‘கீ’ என்ற ஒலி நிற்காமல் கேட்டால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே கற்கலாம்?

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. புனே, கொல்கத்தா அரசுத் திரைப்பட நிறுவனங்களில் முதுநிலை அளவில் படிக்கலாம். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இசையோடு இசைத் தொழில்நுட்பமும் கற்பிக்கிறார்கள். வாத்தியம் வாசிப்பவர்கள் ஆகாசவாணியின் தரத் தேர்வில் வாசித்துத் தேறி வையுங்கள். வெளியூர் வாடிக்கையாளருக்கு அது ஓர் உத்தரவாதம்.

படிப்புச் சான்றிதழைப் பார்த்து யாரும் பாட்டு கொடுப்பதில்லை. ஆனால் ஒழுங்காகக் காது பழகுவதற்கும் நல்ல சிநேகிதர்கள் கிடைப்பதற்கும் படிப்பு குறுக்குவழி. சேர முடியாதவர்கள் உள்ளூர் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேருங்கள். கேபிள் சுற்றுவதிலிருந்து தொடங்கினாலும், தேர்ந்த ஒலிப்பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது தனிக் கல்வி.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம்: அறையைத் தேர்ந்தெடுங்கள், அடிப்படைக் கருவிகளை வாங்குங்கள். ஒரு குரல், ஒரு வாத்தியம் மட்டும் உள்ள பொதுச்சொத்துப் பாட்டொன்றைப் பதிந்து, கலந்து, முடியுங்கள்.

இரண்டாம் மாதம்: இன்னும் இரண்டு பாட்டு. ஒன்று உங்கள் சொந்த மெட்டு. மற்றொன்று நீங்கள் பிடிக்கப்போகும் துறைக்கானது. நடன வகுப்பு என்றால் ஒரு ஜதிஸ்வரம், விளம்பரம் என்றால் முப்பது நொடி ஜிங்கிள்.

மூன்றாம் மாதம்: மூன்றையும் ஒரே இணைப்பில் வைத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது என்ன என்று ஒரு வரி எழுதி, வேலை தரக்கூடிய இருபது பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். மொத்தமாக ஃபார்வர்டு செய்யாதீர்கள். அவர்களுடைய ஒரு வேலையையாவது கேட்டுவிட்டு, அதைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதி அனுப்புங்கள். இருபதில் இரண்டு பதில் வந்தாலே தொழில் தொடங்கிவிட்டது.

இதற்கு நடுவே படிப்பையோ இப்போதைய வேலையையோ விட வேண்டாம். வாடகைக் கவலை இல்லாத மனத்தில்தான் நல்ல மெட்டு பிறக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வீட்டுச் செலவுக்குப் போதுமான வருமானம் பதிவிலிருந்தே வந்த பிறகு முழுநேரமாக இறங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

இன்னும் நல்ல மைக் வரட்டும், இன்னும் நல்ல அறை கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் பாதியில் நிற்கும் பாட்டுகளில் ஒன்றைத் திறந்து, இந்த மாதக் கடைசிக்குள் முடியுங்கள். குறைகளோடு இருந்தாலும் பரவாயில்லை. முடித்து, பெயரிட்டு, ஒருவருக்காவது அனுப்புங்கள். அடுத்த பாட்டு இதைவிட நன்றாக வரும்.